ராஜா சார் நம்ம ஆளு

தாமான் செம்பாக்கா இடைநிலைப்பள்ளிக்கு நாற்பது வயது ஆகிறதாம். வாசலில் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். பழைய முதல்வர்கள் எல்லாரும் அதில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை அழித்துத்தான் அந்தப் பள்ளியே எழும்பியது. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த பிள்ளைகளைப் பள்ளிப் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையில் ஒதுக்கி உட்கார வைத்தார்கள். அதையெல்லாம் போடப் பதாகையில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

பிரேமலா அந்த அறையில் உட்கார்ந்தவள். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைகள் மலாய் பழகட்டும் என்று ஒரு வருஷம் தள்ளிப்போடும் புகுமுக வகுப்பு அது. பக்கத்து மேசையில் ராஜசேகரன் இருந்தான். அவன் விடாமல் படித்து, ஆசிரியராகி, அதே பள்ளிக்குக் கட்டொழுங்கு ஆசிரியராகத் திரும்பி வந்தபோது தாமான் குடியிருப்பில் இருந்த தமிழ் வீடுகளுக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் பொன்னாடை போர்த்தினார்கள். கூடப் படித்தவள் என்பதையே மறந்து பிரேமலாவும் அவரை ராஜா சார் என்று கூப்பிட ஆரம்பித்தாள். இனி நம் பிள்ளைகளைக் கேட்க ஆள் உண்டு என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கேட்கத்தான் செய்தார். முதலில் நம் பிள்ளைகளைத்தான் கேட்டார். முடி காலரைத் தொட்டால் மற்ற ஆசிரியர்கள் வெட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்புவார்கள். ராஜா சார் தமிழ்ப் பையனைக் கண்டால் உடனே எச்சரிக்கை கொடுத்துவிடுவார். கையில் கோயில் கயிறு இருந்தால் சீன ஆசிரியை பார்த்தும் பார்க்காமல் போவார். ராஜா சார் கத்தரிக்கோலோடு வருவார். பிரேமலாவின் மகன் ஜீவனுக்குக் கயிற்றுக்கு ஓர் எச்சரிக்கை, முடிக்கு ஓர் எச்சரிக்கை. அதையும் அவள் நல்லதாகவே எடுத்துக்கொண்டாள். நம் பிள்ளை என்ற உரிமையில் கண்டிக்கிறார் என்று மகனுக்கு விளக்கம் வேறு சொன்னாள்.

ஜீவன் நான்காம் படிவம். அடுத்த வருஷம் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதிவிட்டால் மின்சாரத் தொழில் படிக்கப் போகலாம். அப்பனைப் போல விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடி ஓடி அவன் முதுகு ஒடிய வேண்டாம். பிரேமலாவுக்கு வேறு ஆசை கிடையாது.

தீபாவளி முடிந்த வாரம் ஆண்கள் கழிவறையில் பட்டாசு வெடித்தது. கைகழுவும் தொட்டி நொறுங்கியது, யாருக்கும் அடி இல்லை. வைத்தது மூன்று பேர்: ஜீவன், அவனோடு ஒட்டிக்கொண்டே திரியும் ஒரு மலாய்ப் பையன், ஒரு சீனப் பையன். பள்ளியில் யாருக்கும் துப்புக் கிடைக்கவில்லை. வீட்டில் ஜீவனுக்குச் சோறு இறங்காததைப் பார்த்து பிரேமலா துருவிக் கேட்டாள். சொல்லிவிட்டான்.

"நீயே போயி ராஜா சார்கிட்ட உண்மைய சொல்லிடு டா. நம்ம ஆளு. ரெண்டு அடி வச்சிட்டு விட்டுடுவாரு."

வாயைத் திறக்காதே என்று கூட்டாளிகள் சொல்லியிருப்பதாக அவன் இழுத்தான்.

"அவனுங்க பயப்படட்டும். நமக்குத்தான் கேக்க ஆளு இருக்கு லா."

போய்ச் சொன்னான். தன்னை மட்டும் சொன்னான், கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுவாரம் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பிரேமலா செனாயில் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடினாள். முதல்வர் புவான் நோர்லியா நாற்காலி கொடுத்து, மலாயில் பொறுமையாகச் சொன்னார். ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை, இப்போது பட்டாசு, ஜீவனைப் பள்ளியிலிருந்து நீக்குகிறார்கள். தனக்கென்னவோ பிரம்படியும் கடைசி எச்சரிக்கையும் போதும் என்றுதான் பட்டதாம். ஆசிரியர் சிக்கு ராஜாதான் ஒப்புக்கொள்ளவில்லையாம். தன் இனத்துப் பையனாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான் என்று நின்றுவிட்டாராம். உங்கள் ஆட்களை அவருக்குத்தானே நன்றாகத் தெரியும், அதனால் அவர் பேச்சுக்கே விட்டுவிட்டோம் என்றார். அவரைப் பாராட்டித்தான் சொன்னார்.

பிரேமலா எழுந்து வந்தாள். வெளியே நடைபாதையில் ராஜசேகரனைப் பிடித்தாள். அலுவலகக் கிராணி ஒருவர் தாண்டிப் போகும்வரை அவர் மலாயில் பேசினார். ஆள் மறைந்ததும் தமிழுக்கு வந்தார்.

"என்னைய என்ன பண்ண சொல்றீங்க பிரேமலா? நான் விட்டா, தமிழன் தமிழனுக்கு சப்போர்ட் பண்றான்னு சொல்லிடுவாங்க. இத்தன வருஷமா அந்தப் பேரு வாங்காம இருக்கேன்."

"யாரு சார் சொல்லுவா? புவானே விடுறேன்னுதானே சொல்லியிருக்காங்க."

அவர் பட்டறைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கூலாயில் வேறு பள்ளியில் சொல்லிப் பார்க்கிறேன் என்று முனகினார். நீக்கப்பட்ட பிள்ளையை எந்தப் பள்ளியும் எடுக்காது என்று இருவருக்கும் தெரியும்.

"வேணாம் சார். இனிமே எம்புள்ளைக்காக யார்கிட்டயும் நீங்க கேக்காதீங்க."

ஜீவன் பள்ளியின் இரவல் பாடப்புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். திடலில் அந்த இரண்டு கூட்டாளிகளும் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவனைப் பார்த்துக் கை அசைத்தார்கள், இவனும் அசைத்தான். அம்மா காத்திருந்த காரில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

பிரேமலா சாவியைத் திருப்பினாள். ராஜா சார் இப்படிச் செய்வார் என்று நினைக்கவே இல்லை என்றாள்.

ஜீவன் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டான். அவன் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எங்க எல்லாருக்கும் தெரியும் மா, அவரு இப்படித்தான்னு. நீங்க போகச் சொன்னீங்க. அதான் போனேன்."