படிக்கல்லின் வயசு

மகள் ரேணுகாவுக்குப் பூ வைக்க வந்தவர்களிடம் வேல்பாண்டி முதலில் தன் வீட்டைத்தான் விலை பேசினார். பணத்துக்கு அல்ல, கௌரவத்துக்கு. மாப்பிள்ளையின் அப்பா அழகுசுந்தரம் டவுனில் செக்காலைப் பகுதியில் கடை வைத்திருப்பவர். சரக்கைத் தொடாமலே குறை கண்டுபிடிக்கிறவர். தேக்குத் தூண் உண்டா, ஆத்தங்குடித் தளம் உண்டா என்று அவர் கண் கூடத்தைச் சுற்றிவந்தது. இரண்டும் இல்லை.

"சம்பந்தி, நீங்க மிதிச்சு ஏறி வந்த படிக்கல்லு மூவாயிரம் வருசத்துக் கல்லு," என்றார் வேல்பாண்டி. "காலேஜ் டீச்சரம்மா அளந்து பாத்துட்டுச் சொன்னாக."

அந்த டீச்சரம்மா, சத்தியப்பிரியா, திருப்பத்தூர்ப் பக்கத்து ஊர்களில் பழங்கால நெடுங்கற்களைத் தேடிக்கொண்டிருந்தவர். கண்மாய்க்கரையில் வரிசையாக நின்றவற்றை எந்தக் காலத்திலோ பெயர்த்து, ஒன்று மடைக்கு, ஒன்று மாட்டுக்கொட்டகைக்கு, ஒன்று இந்த வாசலுக்கு என்று ஊரே பங்கு போட்டிருந்தது. போன வாரம் அவர் கல்லின் வயதைச் சொன்னதுமே வேல்பாண்டி தெருவுக்குச் சொல்ல ஓடிவிட்டார். மிச்சத்தைக் கேட்க நிற்கவில்லை.

"எங்க கடையிலயும் பாதி பழைய சரக்குத்தான்," என்று அழகுசுந்தரம் சிரித்தார். "நாங்க வெளிய சொல்றதில்ல."

கூடமே சிரித்தது. வேல்பாண்டிக்குச் சுருக்கென்றது. சத்தியப்பிரியாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"டீச்சர், எங்க வாசல் கல்லு எதுக்கு நட்டதுன்னு சொந்தக்காரவுக கேக்குறாக. சொல்லுங்க."

அந்தம்மா ஆசையாகச் சொன்னார்: "செத்தவங்களைப் பொதைச்ச இடத்துல அடையாளமா நட்ட கல்லுங்க ஐயா அது. ரொம்ப அபூர்வம். பத்திரமா வச்சுக்கங்க."

பூத்தட்டுக்கு நீண்ட கையை மாப்பிள்ளையின் அம்மா இழுத்துக்கொண்டாள்.

"எழவுக்குப் போய்ட்டு வந்தா குளிக்காம படி ஏற மாட்டோம்," என்றார் அழகுசுந்தரம். "இங்க படியே எழவுக் கல்லால்ல இருக்கு."

அத்தனை பேரும் வாசலை விட்டுவிட்டுக் கொல்லைப்புறமாக வெளியேறினார்கள்.

வேல்பாண்டி கடப்பாரையை எடுத்தார். மனைவி மாரீஸ்வரி வெள்ளிக்கிழமைதோறும் கழுவிக் கோலமிட்டு விளக்கு வைத்த கல். "வேணாங்க, நெலை சாஞ்சிரும்," என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கல்லோடு வாசல் நிலையின் ஒரு காலும் பெயர்ந்து வந்தது. கல்லைச் சம்மட்டியால் உடைத்து, டிராக்டரில் ஏற்றிக் கண்மாய்க்குள் தள்ளினார். தள்ளிவிட்டுக் கல்யாணத் தரகர் தங்கச்சாமியைச் செக்காலைக்கு அனுப்பினார்.

மறுநாள் தங்கச்சாமி திரும்பி வந்தபோது, கொத்தனார் வாசலில் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார். ரேணுகா உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கல்லு துண்டு துண்டாப் போயிருச்சுன்னு சத்தியம் பண்ணிச் சொல்லிட்டேண்ணே."

"அவுக என்ன சொன்னாக?"

தங்கச்சாமி குரலைத் தாழ்த்தினார். அந்த வீட்டில் தாழ்த்தினாலும் கேட்கும்.

"'கல்லை எடுத்துட்டாக, சரி. பொறந்ததுலேருந்து அதை மிதிச்சு வளந்த பொண்ணை என்ன செய்வாக'ன்னு கேட்டாக."

ரேணுகா நீட்டியிருந்த கால்களை மெல்ல மடக்கிச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.