கமாவுக்கு ஒரு மூச்சு

என் ஓரகத்தி ஆனி மேரியை எனக்குப் பிடிக்காது. சொல்லிவிட்டேன், அப்புறம் யாரும் கேட்க வேண்டாம். வில்லியனூரில் ஒரே வீட்டில் மாடியில் நான், கீழே அவள். இருவருமே இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறோம். சாயங்காலமானால் வாசலைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். அவள் கதவருகே செருப்புகள் குவிந்து கிடக்கும். என் படிக்கட்டில் நாலே ஜோடி.

அவள் வித்தை இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிறவள் அல்லவா? அந்தப் பழக்கத்தையே பாடமாக்கிவிட்டாள். கமா வந்தால் ஒரு மூச்சு விடு, ஃபுல்ஸ்டாப் வந்தால் நிமிர்ந்து சனங்களைப் பார். எழுதும்போது வாய்க்குள்ளே வாசித்து, மூச்சு விடுகிற இடத்தில் கமா போடு. சுத்தத் தப்பு! மூச்சை நம்பிக் கமா போட்டால் வாக்கியம் உருப்படுமா? நான் விதி விதியாக நடத்துகிறேன், யார் சீந்துகிறார்கள்? கீழே பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் படிக்கிற சத்தம் மாடிவரை வரும். என் மகள் ஸ்டெல்லாவே தண்ணீர் பிடிக்கிற சாக்கில் அங்கே போய் நிற்கிறாள்.

போன வாரம் எனக்கு நல்ல காலம் பிறந்தது. பக்கத்துத் தெரு வேலம்மாள், மகள் செல்வகுமாரியின் பரீட்சைத் தாளோடு மாடியேறி வந்தாள். இரண்டு வருஷம் என்னிடம் படித்துவிட்டுக் கீழே தாவிய பெண் அது.

“இன்னா மிஸ் இது? ஸ்கூல்ல கண்டமேனிக்குத் திட்றாங்க.”

இரண்டு வார்த்தைக்கு ஒரு கமா. தாள் முழுக்க எள்ளைத் தூவிய மாதிரி இருந்தது. அப்பாடா, எனக்குப் பாயசம் குடித்தது போல இனித்தது. வேலம்மாளைக் கையோடு கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஆனி, உன் மூச்சு வித்தை பண்ண வேலையப் பாரு. குமாரி, நீ எழுதுனத சத்தமா படிடி.”

குமாரி எழுந்து படித்தாள். இரண்டு வார்த்தை, ஒரு மூச்சு. இரண்டு வார்த்தை, ஒரு மூச்சு. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனி மட்டும் எழுந்து வந்து, அந்தப் பெண்ணின் முதுகில் காதை வைத்தாள்.

“அக்கா, புள்ளைக்கு மூச்சே வரலக்கா. நெஞ்சுல விசில் அடிக்குது. எவ்ளோ நாளாடி இப்படி?”

“ரொம்ப நாளா மிஸ். மாடி டியூஷன்ல இருந்தப்பவே.”

வேலம்மாள் ஆனியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாளைக் கொண்டுவந்தது என்னிடம். படிக்கச் சொன்னது நான். பிடித்துக்கொண்டது அவள் கையை!

ஆனி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். “மூலக்குளத்துல டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துர்றோம்க்கா. என் புள்ளைங்களயும் கொஞ்சம் பாத்துக்குங்க.”

மொத்தக் கூட்டமும் மாடியேறியது. என் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள். இதற்காகத்தானே இத்தனை நாள் வெந்து செத்தேன்? சாக்பீஸை எடுத்துக் கமாவின் முதல் விதியை எழுதினேன். திரும்பினால் ஒரு பிள்ளைகூட போர்டைப் பார்க்கவில்லை. எல்லாரும் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த ஸ்டெல்லாதான் கேட்டாள்.

“அம்மா, சித்தி எப்ப வருவாங்க?”