நடுவில் இல்லாத சுவர்

"முழு விமானமும் தெரியணும்மா. பாதியைக் காட்டினா, மீதியை யார் தின்னாங்கன்னு கேப்பாங்க!"

வரவேற்பறைத் திரைக்கு அழகாக ஒரு வீடியோ. பிரிவுத் தலைவரின் ஆசை அவ்வளவுதான். பாராசூட் ஆய்வகத்தில் பொறியாளரான அவளும் சலித்துக்கொண்டே முழு விமானத்தையும் கணினிக்குக் கொடுத்தாள். வீரர்கள் குதிப்பதைக் கணினியிலேயே நடத்திப் பார்க்கும் சிமுலேஷன் நான்கு நாள் ஓடி, காலை பத்து ஐம்பதுக்கு முடிந்தது.

ஓடவிட்டாள். வாய்க்குப் போன தேநீர் அந்தரத்தில் நின்றது.

திரையில், விமானத்தின் பின்னால் காற்று இரண்டு கயிறுகளாக முறுக்கிக்கொண்டு போயிற்று. இடக்கதவில் ஒருவர், வலக்கதவில் ஒருவர், ஒரே நொடியில் குதித்தார்கள். சுழல் இருவரையும் நடுவே இழுத்தது. விரிந்த பாராசூட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன.

மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் மோதல்!

'இரு கதவிலும் ஒரே நேரத்தில் குதிக்கலாம்' என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டவளே அவள்தான். நேரம் மிச்சமாகுமென்று விமானத்தை நெடுக்காக வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் கணக்கிடுவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். மறுபக்கமும் அப்படியே என்று எடுத்துக்கொள்வார்கள். வெட்டிய இடத்தில் கணினி ஒரு சுவரை வைத்துவிடும். அதைக் காற்றும் தாண்டாது, ஆளும் தாண்டமாட்டான்.

வானத்தில் ஏது சுவர்?

பதினொரு மணிக்கு வீரர்கள் அப்படிக் குதிக்கும் முதல் ஒத்திகை. முதல் ஜோடியில் அவள் தம்பி.

தலைவரின் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே பாய்ந்தாள்.

"சார், குதிக்கிறதை நிறுத்தச் சொல்லுங்க!"

"என்னம்மா உளர்றே? நீதானே சரின்னு சொன்னே?"

"தப்பா சொல்லிட்டேன் சார். ரெண்டு பேரும் மோதிக்குவாங்க."

"ஒரு தடவை சரிபாத்துட்டு..."

"அதுக்குள்ள என் தம்பி செத்துருவான் சார்!"

அவர் முகம் வெளுத்தது. போனை எடுத்தார். பிஸி. மறுபடி பிஸி. மூன்றாவது முறை ஒத்திகை மைதானத்து அதிகாரி கிடைத்தார். விஷயத்தைக் கொட்டினார் தலைவர்.

"நிறுத்து! யாரும் குதிக்கக்கூடாது!" அதிகாரி வயர்லெஸ்ஸில் கத்தியது இங்கே வரை கேட்டது. பிறகு குரல் இறங்கியது. "சார்... முதல் ஜோடி இப்பத்தான் குதிச்சுது."

போனைப் பிடுங்கினாள். "என்ன ஆச்சு? சொல்லுங்க!"

"சிக்கிடுச்சும்மா. ரெண்டு பேரும் ஒரே குடையில தொங்குறாங்க."

ஒரு நிமிடம். போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். வீரர்கள் தரையிறங்கிய இடத்திலிருந்து வந்த வயர்லெஸ் போனுக்குள் கரகரத்தது. தம்பியின் குரல்!

"சார், ஆம்புலன்ஸ் அனுப்புங்க! எனக்குக் கால்தான் போச்சு. இவன் பேச மாட்டேங்குறான் சார்!"

"மூச்சு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க!" அலறினாள்.

அதிகாரி கேட்டார். பதில் வரச் சில நொடிகளாயின.

"இருக்கு சார்... இருக்கு!"

"மேல இன்னும் எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

"முப்பத்தெட்டு. யாரும் குதிக்கலைம்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அந்த முப்பத்தெட்டு பேரில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.