தண்ணி நிக்காத கிரவுண்டு

ஊர்க்காரர்கள் நேற்றுப் போட்ட மாலை வாசல் ஆணியில் இன்னும் வாடாமல் தொங்கியது. வார்டு கவுன்சிலர் வாணி அதைப் பார்க்காத மாதிரி தாண்டி வெளியே வந்தாள். ராத்திரி கொட்டித் தீர்த்த மழையில் ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுச் சந்துகள் எல்லாம் குட்டையாகிக் கிடந்தன. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாம்ப்ரூம் கிரவுண்டுக்குள் கால் வைத்தாள்.

கால் நனையவில்லை.

பிறந்ததிலிருந்து பார்க்கிற அதிசயம்தான். எவ்வளவு பெய்தாலும் இந்தக் கிரவுண்டில் மட்டும் தண்ணீர் நிற்காது. மழைக்காலத்தில் தங்க வயலின் ஃபுட்பால் மேட்ச் எல்லாம் இங்கேதான் மாறி வரும். "எங்க கிரவுண்டு மாதிரி வருமா?" என்று ஏரியாவே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும். அதனால்தான், பெங்களூர் பார்ட்டி விநாயக் பக்கத்து நிலத்தோடு இதையும் வளைத்து லேஅவுட் போட வந்தபோது, வாணி ஊரைத் திரட்டிக்கொண்டு புல்டோசர் முன்னால் உட்கார்ந்தாள். லேஅவுட் போடுகிறவர் ஒரு பங்கு நிலத்தைப் பார்க்குக்கென்று முனிசிபாலிட்டியிடம் விட்டே ஆகவேண்டும். அவன் காட்டியது ஓரமாக ஒரு பள்ளம். அவள் கேட்டது கிரவுண்டு.

நேற்று சாயந்திரம் விநாயக் சிரித்த முகமாக ஒத்துக்கொண்டான். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை.

அதுதான் உறுத்தியது.

கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் தெரு நாய்கள் படுத்திருந்தன. ஒன்றின் வாலில் இன்னொன்றின் மூக்கு. கோடு போட்ட மாதிரி வரிசை. பல் கிட்டிப்போகிற இந்தக் குளிரில் அதுகளுக்கு மட்டும் அப்படி என்ன சுகம்? ஒரு நாயை விரட்டிவிட்டு, அது படுத்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

வெதுவெதுப்பு. நாயின் சூடாக இருக்கும் என்று காத்திருந்தாள். சூடு ஆறவில்லை. விரல் நுழையாத ஒரு விரிசலிலிருந்து காற்று மெல்ல வந்து கையில் மோதியது. துரு வாடை.

சுரங்கத்தை மூடிக் கால் நூற்றாண்டு ஆகிறது. உள்ளே தோண்டிய பொந்துகளை யார் மூடினார்கள்? மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டாமா? நல்ல கிரவுண்டு, நல்ல கிரவுண்டு என்று கொண்டாடியதோடு சரி!

"இன்னா வாணிம்மா, காலங்காத்தால பூமிக்கு ஜுரம் பாத்துகினு கீற?"

டென்னிஸ். ஏரியா பசங்களுக்கு ஃபுட்பால் கோச். கழுத்து விசிலை அவர் சர்ச்சில்கூடக் கழற்ற மாட்டார் என்பார்கள். வாணி விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது. தானும் கை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் மூச்சு வுடாத."

"இன்னாண்ணா பேசறீங்க? பார்க்குன்னு ஆச்சுன்னா ஊஞ்சல் போடுவாங்க, ஊர்ப்பட்ட கொழந்தைங்க வரும். எங்க பையன் வாசுதான் மொத ஆளா வந்து குதிப்பான்."

"நாங்க குதிக்கல? எவன் உள்ள போய்ட்டான்?" குரலைத் தாழ்த்தினார். "கீழ பொந்துன்னு நீ இன்னிக்கி மீட்டிங்ல வாயத் தொறந்தா மிஷினை எடுத்துகினு வருவானுங்க. அது கிரவுண்டோட நிக்குமா? நாய்ங்க படுத்துகினு கீற கோடு எங்க போவுது, பாரு."

பார்த்தாள். நேராக லைன் வீடுகளுக்குப் போயிற்று. அவள் வீட்டு மாலை இங்கிருந்தே தெரிந்தது.

"இந்த வருசமாச்சும் வீடு நம்ம பேருக்கு ஆவும், ஹக்கு பத்திரம் வரும்னு சனங்க காத்துகினு கீது. டேஞ்சர் ஏரியான்னு எழுதிட்டா பத்திரமா குடுப்பான்? பொட்டி படுக்கைய கட்டுன்னுவான்."

வாணி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கே முனிசிபாலிட்டி ஹாலில் மீட்டிங்குக்குப் போய் உட்கார்ந்தாள்.

"லாம்ப்ரூம் கிரவுண்டைப் பார்க்குக்கு எடுத்துக்கொள்ளலாம். கவுன்சிலருக்குச் சம்மதம்தானே?" கமிஷனர் கன்னடத்தில் கேட்டார். எதிரே விநாயக் அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தான்.

வாணி எழுந்தாள். எல்லாம் தன் பிரமையாகவே இருந்துவிடக் கூடாதா என்று கடைசியாக ஓர் ஆசை.

"ஒரு சின்ன மாத்தம் சார். கிரவுண்ட அவரே வச்சிக்கட்டும், வீடு கட்டி வித்துக்கட்டும். அதே அளவுக்கு ரோட்டோரம் கீற சைட்டுங்கள பார்க்குக்குக் குடுக்கட்டும்."

"பேடா மேடம்! அது மாத்ரம் பேடா!" வேண்டாம் வேண்டாம் என்று விநாயக் கன்னடமும் தமிழும் குழைத்துப் பதறினான். "ரோட் சைட் எல்லாம் புக் ஆயிடுச்சு."

"அப்ப உள்பக்கம் குடுங்க. எந்த சைட்டா இருந்தாலும் சரி."

"கிரவுண்ட்ல வீடு கட்ட முடியாது மேடம்!"

"ஏன்?"

விநாயக் கைக்குட்டையைத் தேடினான். கமிஷனர் பேனாவை மூடி வைத்தார். பின்வரிசையில் டென்னிஸ், வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். இப்போதுகூட உட்கார்ந்துவிடலாம். பத்திரம் வரும். மாலை ஆணியிலேயே காயும். ஊஞ்சல் ஆடும். வாசு அதன்மேல் நின்றுகொண்டு ஆடுவான், உட்காரவே மாட்டான்.

"கீழ பொந்து கீது சார். அவருக்கு முன்னாடியே தெரியும். எனக்கு இன்னிக்கிக் காலைலதான் தெரிஞ்சது. மிஷின் வச்சிப் பாருங்க."

மண்ணுக்கு அடியில் இருக்கிற பொந்தைக் காட்டுகிற மிஷின் வந்தது. லேஅவுட் நின்றது, கிரவுண்டைச் சுற்றிக் கம்பி வேலி ஏறியது. பையன்கள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நின்றார்கள். குழாயடிக்கு வாணி போனால் பேச்சு நின்றது. அவளை எதிரே கண்டால் டென்னிஸ் சந்து மாறிப் போனார்.

ஆட்கள் மிஷினைத் தள்ளித் தள்ளிப் பொந்து போகிற வழியெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். கோடு கோல் போஸ்ட்டைத் தாண்டியது, வேலியைத் தாண்டியது, லைன் வீட்டுச் சந்துக்கு வந்து நின்றது.

"இதோட நிறுத்திக்கச் சொல்லி எல்லாரும் கேக்கறாங்க மேடம்," என்றார் சர்வேயர். "உள்ளே பார்க்கணுமா?"

வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றிருந்தார்கள். வாணி காய்ந்த மாலையை ஆணியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க. மொதல்ல எங்க வீட்டப் பாருங்க."

மிஷின் சக்கரம் வாசற்படி ஏறும்போது, பின்னால் டென்னிஸ் தன் வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போடுகிற சத்தம் கேட்டது. அடுத்து இன்னொரு கதவு. அப்புறம், வரிசையாக.