தோல் பதனிட்ட சினிமா

உலகத்திலேயே சினிமாவைத் தோல் மாதிரி பதனிட்ட ஒரே ஊர் ஆம்பூர்தான். பதனிட்டவள் பிளஸ் டூ படித்த சௌந்தரம். படத்தைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். படத்தில் இருந்தவர்களுக்கு ஒரு பொட்டு வியர்வைகூட அரும்பவில்லை. நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். வேதாசலம் சாரும் நம்பவில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம். பிளஸ் டூ வந்த புதிது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மட்டும் சோதனைக்கென்று சினிமாவை ஒரு பாடமாக வைத்தார்கள். சேதி தெரிந்ததும் பாதி அப்பன்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேறு பள்ளிக்கூடம் தேடி ஓடினார்கள். மீதிப்பேர் தாங்கள் சேர வயது வரம்பு உண்டா என்று விசாரித்தார்கள். கடைசியில் சேர்ந்தது நாலே பேர்.

படம் கழுவ ரசாயனம் வேண்டும், ஆகவே ரசாயன வாத்தியார்தான் சினிமா வாத்தியார் என்று தலைமையாசிரியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்படி மாட்டிக்கொண்ட வேதாசலம் சார் கல்யாணத்துக்குப் பிறகு கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

"சினிமா ஒரு பாடமாம்! அடுத்த வருஷம் பிரியாணிக்கும் பரீட்சை வெப்பானுங்க," என்று வகுப்புக்குள் நுழையும்போதே சொல்லிக்கொண்டு நுழைவார்.

சௌந்தரத்துக்கு அது விளையாட்டில்லை. அவள் அப்பா பெருமாள் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் ஊறும் டிரம்மை ஓட்டுகிறவர். "பாஸ் பண்ணா மெட்ராஸுக்கு அனுப்பறேன், சினிமாவே படி. கோட்டு அடிச்சா திங்கக்கிழமையே ஷூ கம்பெனியில சேர்ந்துடணும். சரியாம்மா?" என்று கேட்டிருந்தார். அவளும் தலையாட்டியிருந்தாள்.

செய்முறைத் தேர்வு ஏப்ரலில். இரண்டு பேர் ஒரு ஜோடி, ஜோடிக்கு இரண்டு ஃபிலிம் ரோல் கொடுத்தார்கள். ரோலுக்கு மூன்று நிமிஷம்கூட ஓடாது. தாங்களே எடுக்க வேண்டும், தாங்களே கழுவ வேண்டும். சௌந்தரத்துக்கு ஜோடி அன்வரி பேகம்.

முதல் ரோலில் ரயிலடியை எடுத்தார்கள். சோடாக் கடையில் ஐஸ் வாங்கி மருந்தைக் குளிர வைத்து, ஆய்வுக்கூடத்துக் குளியலறையை இருட்டாக்கிக்கொண்டு கழுவினார்கள். மருந்து வேலை முடியும்போது ஐஸும் தீர்ந்தது. அலசுவதற்கு மாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்தார்கள். அந்த வாரத்து வெயிலில் காக்கைகள் பறக்கப் பயந்து நிழலோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தன. தொட்டித் தண்ணீரில் பருப்பு வேகும். தண்ணீர் பட்டதும் ரயிலடி, ரயில், டீ விற்றவர் எல்லாரும் பாலாடை மாதிரி வழுக்கிக்கொண்டு சாக்கடைக்குள் போய்விட்டார்கள்.

"படம் ரிலீஸ் ஆயிடுச்சு," என்றார் வேதாசலம் சார்.

அன்வரி அழுதாள். சௌந்தரம் அழவில்லை. விரலில் ஒட்டிய கொழகொழப்பை உருட்டிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள்.

"அன்வரி, இது எங்க ஷாப்புல சவ்வு காய்ச்சுவாங்களே, அந்த பசைடி. படத்து மேல பூசியிருக்கறது தோலுதான்!"

"பேஜார் பண்ணாதடி. சினிமாவுல ஏது தோலு?"

"பச்சைத் தோலைச் சுடுதண்ணியில போட்டா கரையும். க்ரோம் உப்பு ஏத்திப் பதனிட்டுட்டா கரையுமா? சொல்லு!"

சாயங்காலம் அப்பாவிடம் போய் நின்றாள். "நைனா, ஒரு டம்ளர் க்ரோம் வேணும்."

"இன்னாத்துக்கு?"

"சினிமாவைப் பதனிடறதுக்கு."

பெருமாள் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வெயில் அதிகம்தான் என்று முடிவு செய்து, முதலாளியிடம் கேட்டு அந்தப் பச்சைத் தூளை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

இரண்டாவது ரோலில் ஷூ கம்பெனி வாசலை எடுத்தார்கள். சங்கு ஊதியதும் பெண்கள் தூக்குச்சட்டியோடு வெளியே வருகிற காட்சி. இனி வேறு ரோல் கிடையாது. பரீட்சைக்கு இரண்டே நாள்.

"க்ரோமா? அது செருப்புக்குப் போடறதும்மா. படத்தைக் கால்ல மாட்டிக்கப் போறியா?" என்றார் வேதாசலம் சார்.

"ரோலோட வாலை மட்டும் வெட்டிப் பார்க்கறேன் சார். வெந்துச்சுன்னா விட்டுடறேன்."

இருட்டில் ஒரு முழம் வெட்டி, மருந்திலிருந்து எடுத்த கையோடு க்ரோம் தண்ணீரில் ஊறவைத்தாள். மற்ற வேலையையும் முடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். ஷாப்பில் தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போடுவார்கள், சுருங்கினால் பதமில்லை. சௌந்தரத்துக்குத் தெரிந்த பரீட்சை அதுதான். வேதாசலம் சாரே ஸ்டவ்வைப் பற்றவைத்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மூன்று நிமிஷம் தளதளவென்று கொதித்தது. துண்டு கொஞ்சம் வளைந்தது. அதிலிருந்த பெண்கள் தூக்குச்சட்டியோடு அப்படியே நின்றார்கள்.

"சூட்டுல ஒட்டிக்கினு இருக்கும். ஆறினா உரிஞ்சுடும்," என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

மீதி ரோலையும் அதே மாதிரி கழுவி, ஆய்வுக்கூடத்தில் கொடி கட்டிக் காயப்போட்டார்கள்.

பரீட்சை நாளில் மெட்ராஸிலிருந்து கங்காதரன் என்ற அதிகாரி வந்தார். கழுவியது நெகடிவ் அல்லவா, திரையில் வெள்ளைச் சேலைகள் கறுத்து, கறுத்த கூந்தல்கள் நரைத்து, ஒரே சங்குக்கு ஆம்பூர்ப் பெண்கள் அத்தனை பேரும் கிழவிகளாகி வெளியே வந்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. படச்சுருளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"இந்த வெயில்ல, இந்தத் தண்ணியில, இவ்ளோ சுத்தமா கழுவ முடியாது. எந்த லேப்ல குடுத்து வாங்கினீங்க?"

"நாங்கதான் சார் கழுவினோம். க்ரோம் போட்டு..." என்றாள் சௌந்தரம்.

"வெளியில குடுத்திருந்தா சுழியம்தான், தெரியுமில்ல?" பேனா மூடியைத் திருகித் திறந்தார். "யாராவது பார்த்தாங்களா?"

அன்வரி சௌந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்தவர் ஒரே ஒருவர். அவரோ சுவரோரம் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இவர்களுக்குச் சுழியம் விழும், அடுத்த வருஷம் சினிமா பாடமே இருக்காது. அவர் நிம்மதியாகத் தன் அமிலங்களோடு குடித்தனம் நடத்தலாம். சௌந்தரத்துக்கு அது நன்றாகத் தெரியும். ஷூ கம்பெனியின் சங்கு இப்போதே காதில் ஊதியது.

வேதாசலம் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார்.

"நான் பார்த்தேன் சார். ரெண்டு நாளா அப்படி நடக்கவே இல்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கினு இருக்கேன். ஸ்டவ் பத்த வெச்சது நானு, வாட்ச் பார்த்தது நானு. மூணு நிமிஷம் கொதிச்சுது, படம் நின்னுச்சு. இந்தப் பொண்ணு சினிமாவைப் பதனிட்டுது சார். நடந்துச்சு."