கடதாசியில் ஒரு கிழிசல்

சனிக்கிழமை திரான்சியில் வில் வேட்டைக்கான சோதனை. பதினைந்து மீற்றரில் நிற்கும் ரப்பர் பன்றியின் மார்பு வட்டத்தில் ஐந்து அம்புகளில் நான்கு பட வேண்டும். பட்டால் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக் குழுவோடு காட்டுக்குப் போகலாம். படாவிட்டால் அடுத்த வருடம்தான்.

வியாழக்கிழமை வரை என் அம்புகள் நேராகப் போகவில்லை.

வில்லைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு சட்டத்தில் கடதாசியை இழுத்து ஒட்டி, இரண்டு மீற்றர் தள்ளி நின்று அதனூடாக எய்ய வேண்டும். துளை வட்டமாக விழுந்தால் வில் சரி. நீளமாகக் கிழிந்தால் அம்பின் வால் அந்தப் பக்கம் உதறுகிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் இரண்டு விரல் அகலம் கிழிந்தது.

ரூ பெர்தொனே தெருவில் நண்பன் றெமிஜியஸின் பலசரக்குக் கடை நிலவறையில்தான் எய்தோம். வேட்டை அனுமதிக்கு இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். வில் சோதனையில் அவன் போன மாதமே தேறிவிட்டான். அதை அடிக்கடி நினைவூட்டினான். வில்லின் நடுவில் அம்பு படுத்திருக்கும் அம்புதாங்கியை இடப்பக்கம் நகர்த்தினோம். பிறகு வலப்பக்கம். கிழிசல் மாறவில்லை.

"வில்லிலை பிழை இல்லை மச்சான். உன்ரை கையிலைதான்," என்றான்.

வில்லை அவனிடம் கொடுத்தேன். அவனுக்கும் இடப்பக்கமே கிழிந்தது. அவன் அம்பை எடுத்து இறகுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மேலே போய் அரிசிமாப் பக்கெற் ஒன்றோடு வந்தான். அம்பின் இறகுகளில் மாவைத் தடவி எய்தால், அவை வில்லில் எங்கே உரசுகின்றனவோ அங்கே மா ஒட்டும். தாங்கியின் உட்புறத்தில் ஒட்டியது. அங்கே காய்ந்து கல்லாகிப்போன ஒரு கட்டி. றெமிஜியஸ் நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தான். சந்தனம்.

மாமியின் வேலை. என் மனைவி கஜனியின் தாய், என்னோடுதான் இருக்கிறார். கஜனி இறந்து பதினான்கு மாதம். போன வருடம் வீட்டில் பூசை இல்லை. இந்த வருடம் ஆயுத பூசைக்கு என் மடிக்கணினி, இறைச்சிக் கத்தி, வில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். வில்லின் வெளிப்பக்கத்தை அன்றே துடைத்தேன். உள்ளே பார்க்கத் தோன்றவில்லை.

பழைய பல்துலக்கியால் தேய்த்தோம். தாங்கியை முந்தைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். அடுத்த துளை வட்டம். அதற்கடுத்ததும்.

மாமிக்குச் சொல்லவேண்டாம் என்றேன். றெமிஜியஸ் ஓம் என்றான். மாலையில் கத்தரிக்காய் வாங்க வந்த மாமிக்கு அவனே சொல்லிவிட்டான்.

அவர் வருந்தவில்லை. "வெளியிலை வைச்சால் துடைச்சுப்போடுவியள் தம்பி. அதுதான் உள்ளுக்கை வைச்சனான்."

சோதனைக்குத் தானும் வருவதாக அறிவித்தார்.

சனிக்கிழமை என் முதல் இரண்டு அம்புகளும் வட்டத்துக்குள் பட்டன. மூன்றாவது பன்றியின் தொடையில். நான்காவது உள்ளே. ஐந்தாவதற்கு நாணை இழுத்தேன். எனக்கு இது வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. இறக்கினேன். மூச்சு விட்டேன். மறுபடி இழுத்து எய்தேன்.

அம்பு கோட்டின் மேல் நின்றது. சோதனை நடத்திய பெண் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"உண்மைப் பண்டி இப்பிடி நிண்டு குடுக்குமோ தம்பி?" என்று மாமி பின்னாலிருந்து கேட்டார்.

அந்தப் பெண் என்னவென்று விசாரித்தார். பிரெஞ்சில் சொன்னேன். சிரித்தார். கோட்டில் பட்டாலும் கணக்குத்தான் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் என் பெயரை எழுதினார். காலை ஆறரைக்கு வரச் சொன்னார். மாமியை வீட்டில் விட்டுவிட்டு வரவும் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.