ஜெயலெட்சுமியின் அளவு நோட்டு

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில் ஜெயலெட்சுமி தையல் மெஷின் போட்டுப் பதினான்கு வருடமாகிறது. அவளுடைய அளவு நோட்டில் ஒருத்தியின் பெயரும் கிடையாது. குண்டு, குச்சி, பலகை, பூசணி, பீப்பாய் என்றுதான் இருக்கும். லயத்து வாய் எப்படிக் கூப்பிட்டதோ அப்படியே எழுதிக்கொண்டாள். மெலிந்தவளைப் பார்த்தால் புருஷன் சோறு போடவில்லையா என்பார்கள். பூரித்தவளைப் பார்த்தால் தோட்டத்து அரிசியெல்லாம் உன் வயிற்றிலா என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆனால் டேப்பு கண்டதை ஜெயலெட்சுமி யாரிடமும் சொன்னதில்லை. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி இருபது வருடம் மலை ஏறினவளுக்கு உடம்பு ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். இறங்கின பக்கத்தைக் கொஞ்சம் பிடித்து, பிதுங்கின பக்கத்தைத் தளர்த்தி, இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி சட்டை தைத்துக் கொடுப்பாள். அதற்காகவே அடுத்த தோட்டத்திலிருந்தும் வருவார்கள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

பக்கத்துக் காம்பரா ரூபிகாவை 'பொம்மை' என்று எழுதியிருந்தாள். முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளை பெற்றும் அளவு மாறாத உடம்பு. பொங்கலுக்கு அளவெடுத்தபோது இடது மார் அரை இஞ்சு கூடியிருந்தது. கூடை தூக்கிய வினை என்று தையலைத் தளர்த்தினாள். மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு இஞ்சு. வலது பக்கம் உள்ளே துணி மடித்து வைத்துச் சரிக்கட்டினாள். தீபாவளிக்கு ஒன்றரை. விரலுக்குக் கல்லாக ஏதோ தட்டுப்பட்டது. கேட்க நா எழவில்லை. பெண் உடம்பைக் கேலி பண்ண அவளிடம் நூறு வார்த்தை இருந்தது, விசாரிக்க ஒன்றுகூட இல்லை.

அதற்குள் ரூபிகா மற்ற இடமெல்லாம் மெலிந்துவிட்டாள். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கும்போது, குமரியாகிவிட்டாள் என்று பெண்கள் கொண்டாடினார்கள். ஜெயலெட்சுமியும் சேர்ந்துகொண்டாள். "என்னடி சாப்புடுற? எனக்கும் சொல்லேன்" என்று அவள் இடுப்பைக் கிள்ளினாள், பாவி.

மார்கழியில் ஆஸ்பத்திரிக்குப் போன ரூபிகா, மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த துண்டோடு நேரே இங்கேதான் வந்தாள்.

"முத்திப்போச்சாம்க்கா. எப்பருந்து இருக்குனு டாக்டரம்மா கேட்டாங்க. தெரியலனு சொன்னேன். வலி இல்ல. சட்டையெல்லாம் கச்சிதமாத்தான இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஜெயலெட்சுமிக்கு அதற்கும் தெம்பில்லை. நோட்டை விரித்து மூன்று தேதியையும் காட்டினாள்.

ரூபிகா ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் படித்தாள். "அப்ப பொங்கலுக்கே ஒங்களுக்குத் தெரியும்."

"கூடை தூக்குறதாலனு நெனச்சேன்டி."

"நெனச்சத ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேக்கா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். பங்குனியில் ரூபிகா போய்ச் சேர்ந்தாள். நோட்டில் 'பொம்மை'யை அடித்துவிட்டு ஜெயலெட்சுமி அவள் பெயரை எழுதினாள். இனி கண்டதை மறைப்பதில்லை என்று மாரியம்மனை நினைத்துச் சத்தியம் பண்ணிக்கொண்டாள்.

அடுத்த மாதம் திருவிழாச் சட்டைக்காகக் கீழ் லயத்து நாகலெட்சுமி வந்தாள். நோட்டில் 'பலகை'. இன்னும் மூன்று பேர் வாசலில் காத்திருந்தார்கள். வலது பக்கம் டேப்பு நின்றது. இந்தத் தடவை ஜெயலெட்சுமி வாயைத் திறந்துவிட்டாள்.

"நாகு, இந்தப் பக்கம் மார் ஒரு இஞ்சு கூடியிருக்கு. போன தடவ இல்ல. சட்ட அப்பறம் தைக்கலாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வர்றேன்."

வாசலில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "பலகைக்கு இப்பத்தான் பூரிக்குது போல."

நாகலெட்சுமியின் முகம் கறுத்தது. "ரூபிகாவ முழுங்குனது பத்தலியா ஒனக்கு? என் ஒடம்ப நாலு பேருக்கு முன்னால ஏலம் போடுறியா?" துணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜெயலெட்சுமி மூன்று தடவை கீழ் லயத்துக்கு இறங்கிப் போனாள். மூன்று தடவையும் நாகலெட்சுமி இவளைக் கண்டதும் கதவைச் சாத்தினாள். பதினான்கு வருடம் பேச வேண்டிய இடத்தில் பேசாதவள், பேசின அன்றைக்கு ஊரைக் கூட்டிவைத்துப் பேசியிருக்கிறாள். அந்த நினைப்பு அவளைத் தின்றது.

திருவிழாவன்று சாமி லயத்துக்கு வந்தபோது, நாகலெட்சுமி சிவப்புச் சட்டையில் கூட்டத்தோடு வந்தாள். ஹட்டன் டவுனில் கொடுத்துத் தைத்ததாம். பொம்மை மாதிரி இருக்கிறாள் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். ஜெயலெட்சுமி தேங்காய்த் தட்டோடு நின்று அந்தச் சட்டையையே பார்த்தாள். நல்ல கைதான். இரண்டு பக்கமும் ஒரு நூல் பிசகாமல் ஒன்றாக இருந்தன.